கில் அருடா ‘காஞ்சிருக்கு’ என்று கத்தியது குறித்து

பெயர்: ஓடெட் மெடெய்ரோஸ். வயது: 54, பெண். முகவரி: வால்காட் தெரு, பாட்டக்கெட், ரோட் ஐலண்ட். தொழில்: விளக்குகளுக்கு வயர் பூட்டுவது. 2023 பிப்ரவரி 21, செவ்வாய்க்கிழமை, பிராவிடன்ஸ் நகரக் காவல் நிலையத்துக்கு யாரும் அழைக்காமல் நானாக வந்து, துப்பறியும் அதிகாரி மர்லீன் டட்டன் முன்னிலையில் சொல்ல, அவர் எழுதிக்கொண்டது.

பாட்டக்கெட்டில் பழைய நூற்பாலைக் கட்டடத்தின் மூன்றாம் தளத்தில் பிரெண்டன் லோரிமர் என்பவர் நடத்தும் பட்டறையில் நான் பதினோரு வருடமாக வேலை பார்த்து வருகிறேன். கேட்பவர்களின் வீட்டுக்கும் கடைக்கும் தகுந்தபடி மேஜை, அலமாரி, விளக்கு ஆகியவற்றை அங்கே செய்து கொடுக்கிறோம். எல்லாவற்றையும் வரைவது லோரிமர். மரவேலை முழுவதும் கில் அருடாவுடையது, அவருக்கு வயது 61. வயரும் வெளிச்சமும் என் பொறுப்பு. வாரத்தில் மூன்று நாள் அங்கே போவேன், மற்ற நாட்களில் வேறு பட்டறைகளுக்குப் போவேன். கில் என்னை மின்னல் என்றுதான் கூப்பிடுவார், நான் அவரை யோவ் என்பேன். போன புதன்கிழமை உணவகத்தில் இறந்து போனவர் அவர்தான். அன்றைக்கு அவர் குடித்துவிட்டு மேஜை மேல் ஏறிக் கலாட்டா செய்து விளக்கை இழுத்துத் தள்ளினார் என்று ஊர் முழுவதும் பேச்சாக இருக்கிறது. அவருடைய மனைவி லூர்தெஸ் அதை நம்பிவிட்டார். அது பச்சைப் பொய். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் ஒரு சொல்லை விளக்க வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் மேற்கொண்டு எதுவும் விளங்காது. மரத்துக்கு எண்ணெய் பூசினால் அது காய வேண்டும். காய்ந்ததும் ‘காஞ்சிருக்கு’ என்போம். இது எல்லோரும் சொல்வதுதான். மரப்பட்டறையில் இதே சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கிறது. இரண்டு துண்டுகளைப் பசை போடாமல் சும்மா சொருகி வைத்தால் அதையும் ‘காஞ்சிருக்கு’ என்றுதான் சொல்வோம், பசையின் ஈரம் அதில் இல்லை என்பதால். ஒரு நாற்காலியைக் காட்டி அது காஞ்சிருக்கு என்று கில் சொன்னால், அதில் உட்காராதே, உட்கார்ந்தால் பிரிந்துவிடும் என்று அர்த்தம். ஒரே சொல் இரண்டுக்கும் இருந்தால் குழப்பம் வராதா என்று அதிகாரி கேட்டார். பதினோரு வருடத்தில் வந்ததில்லை. கையில் பொருளை வைத்துக்கொண்டு பேசுகிறவர்களுக்கு வராது.

பிராவிடன்ஸில் ஆற்றங்கரை ஓரமாகப் புதிதாகத் திறந்த ஓர் உணவகத்துக்கு நாங்கள் ஒரு நீள மேஜையும், அதற்கு நேர் மேலே தொங்க ஓர் உத்தர விளக்கும் செய்தோம். இரண்டும் ஒரே வால்நட் மரத்தில் அறுத்தவை. உத்தரம் என்றால் பார்வைக்கு முழுக்கட்டை மாதிரி இருக்கும், உள்ளே கூடு. மேலே ஒரு பலகை, அதைத்தான் கம்பி வடத்தில் கூரையோடு கட்டுவார்கள். கீழே தொட்டி மாதிரி ஒரு பாகம், அதற்குள் என் வயர்கள், அதன் அடியில் ஏழு கண்ணாடிக் குமிழ்கள். அந்தத் தொட்டியை மேல்பலகையின் காடியில், அதாவது அதில் வெட்டிய நீளப் பள்ளத்தில், சொருகிப் பசை போட்டு இறுக்கிவிட்டால் ஒரே கட்டை. பசை போடாவிட்டால் அந்தத் தொட்டி, ஓர் ஆள் எடைக்கு மேல், வெறும் பிடிமானத்தில்தான் நிற்கும்.

பிப்ரவரி 10, வெள்ளிக்கிழமை, நான் வயர் பூட்டி எரியவிட்டுப் பார்த்தபோது நாலாவது குமிழ் மினுக் மினுக் என்றது. ஹோல்டர் கோளாறு. என்னிடம் மாற்று இல்லாததால், புதன்கிழமை கொண்டு வருகிறேன், அதுவரை மூடிவிட வேண்டாம் என்று கில்லிடம் சொன்னேன். அவர், “உனக்குன்னு எப்பவுமே ஒண்ணு பாக்கி இருக்கும் மின்னல், ஒரே தடவைல முடிச்சதா சரித்திரமே இல்ல” என்றார். அதன் பிறகு தொட்டியைப் பசை போடாமலே சொருகி, பிரியாமல் இறுக்கிப் பிடிக்க இரண்டு கிளாம்ப் போட்டு, நீல டேப்பையும் சுற்றி, பின் அறையில் முக்காலிகளின் மேல் வைத்தார். வெளிப்பக்கத்துக்கு மட்டும் எண்ணெய் பூசினார். என் வேலைக்காகத்தான் அது அப்படி வைக்கப்பட்டது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று மாலை நான் கோட்டு போட்டுக்கொண்டிருந்தபோது லோரிமர் தன் அறை வாசலில் நின்றபடி, “கில், உத்தரம் காஞ்சிருக்கா?” என்று கேட்டார். ரம்பத்தைத் துடைத்துக்கொண்டிருந்த கில் திரும்பாமலே, “காஞ்சுதான் இருக்கு” என்றார். அவர் கேட்டது எண்ணெயை, இவர் சொன்னது பசையை. அன்று லோரிமர் தவறாகப் புரிந்துகொண்டார் என்றுதான் நானும் நினைக்கிறேன். அதற்காக அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. எனக்கு இருப்பதெல்லாம் புதன்கிழமை பற்றியது.

சனிக்கிழமை இரவு கில்லுக்குக் காய்ச்சல் வந்து, திங்களும் செவ்வாயும் வேலைக்கு வரவில்லை. அந்த இரண்டு நாளும் நான் வேறு பட்டறையில் இருந்தேன். பதினான்காம் தேதி காதலர் தினக் கூட்டத்துக்கு உணவகம் தயாராக வேண்டும் என்பதால், திங்கட்கிழமை லோரிமர் வெளி ஆட்களைக் கூப்பிட்டு உத்தரத்தை எடுத்துப்போய்த் தொங்கவிட்டிருக்கிறார். கிளாம்பையும் டேப்பையும் கழற்றியது யார், அப்போது அவர் அருகில் இருந்தாரா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. எங்கள் இருவருக்கும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பதினைந்தாம் தேதி, புதன்கிழமை, நான் பட்டறைக்குப் போனபோது கில் முன் அறையில் ஒரு பழைய எழுத்து மேஜைக்கு அரக்கு பாலிஷ் தேய்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் வழக்கமாக எண்ணெய்தான் போடுவோம். பழைய சாமான் பழுதுக்கு வந்தால் மட்டும் அரக்கு. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப் பந்தில் தொட்டுத் தொட்டுக் காலை முழுவதும் தேய்க்க வேண்டும். அவர் கை, சட்டை, மீசை எல்லாம் சாராயக் கடை மாதிரி நாறியது. “யோவ், உன்னைக் கட்டிப் பிடிச்சாலே போதை ஏறும்போல இருக்கே” என்றேன். “அதான் லூர்தெஸ் இன்னிக்கு வாசல்லயே துணிய மாத்தச் சொல்லுவா” என்று சிரித்தார். அவர் குடியை விட்டு ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அதைப் பற்றி வேறு யாரையும் கேலி பேச விடமாட்டார், என்னை விடுவார்.

அதன் பிறகு, ஹோல்டர் வந்துவிட்டது, பிரித்துக் கொடுத்தால் மாற்றிவிடுகிறேன் என்று நான் சொல்ல, இருவரும் பின் அறைக்குப் போனோம். முக்காலிகள் வெறுமனே நின்றன. கிளாம்ப் இரண்டும் சுவர் ஓரமாக இருந்தன, நீல டேப் பந்தாகச் சுருட்டித் தரையில் கிடந்தது. கில் அந்தப் பந்தைக் கையில் எடுத்தார். பிறகு, “சாவிய எடு” என்றார். தொப்பியைக்கூட எடுக்காமல் இறங்கினோம்.

வேனை நான் ஓட்டினேன். வழியில் கில் லோரிமருக்குப் போன் போட்டு, எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். அந்தப் பேச்சை எனக்கு நினைவிருக்கும் வரை அப்படியே சொல்கிறேன். கில், “பிரெண்டன், உத்தரத்த உடனே இறக்கணும். அது காஞ்சிருக்கு” என்றார். லோரிமர், “எங்கயுமே பசை போடலையா?” என்று கேட்டார். அவர் கேட்டது இதுதான். எண்ணெய் காய்ந்தால் நல்லதுதானே என்று கேட்கவில்லை, எங்கயுமே பசை போடலையா என்று கேட்டார். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தவர்தான் அப்படிக் கேட்க முடியும். இந்த வரியின் கீழே கோடு போடச் சொன்னேன், அதிகாரி போட்டார்.

கில், “ஒரு சொட்டு கிடையாது” என்றார். லோரிமர், “ரெண்டு நாளா தொங்குது, ஒண்ணும் ஆகலையே” என்றார். கில், “அங்க ஹீட்டர் ஓடுதுய்யா. மரம் சுருங்கும். நேத்து நின்னது இன்னிக்கு நிக்காது” என்றார். அதற்கு லோரிமர் சொன்னது: “லஞ்ச் முடியட்டும் கில். பத்திரிகைக்குப் படம் எடுக்க வந்திருக்காங்க. நடு மேஜைல ஏணியப் போட்டு என் மானத்த வாங்காதீங்க.” கில், “கீழ ஆளுங்க உக்காந்து சாப்பிட்டுட்டு இருப்பாங்களே” என்றார். “ரெண்டு மணி வரைக்கும் பொறுங்க, அவ்ளோதான் கேக்கறேன்” என்று சொல்லி லோரிமர் போனை வைத்துவிட்டார். அதன் பிறகு கில் போர்ச்சுகீசில் சொன்னதை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அது லோரிமரின் அம்மாவைப் பற்றியது, அந்த அம்மா நல்லவர்.

உணவகத்தை அடைந்தபோது மேஜையில் பதினைந்து பேர் போல இருந்தார்கள். தலைக்கு மேலே உத்தரம் எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கவாட்டில், ஒரு கோடியிலிருந்து பாதி தூரம் வரை, மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்று ஓடியது. எங்கள் வரைபடத்தில் அப்படி ஒரு கோடு இல்லை. பிடிமானம் விட்டு, உள்ளே இருக்கும் வெளிச்சம் வெளியே கசிகிறது என்று எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பத்திரிகைக்குப் படம் எடுக்க வந்த பெண் அந்தக் கோட்டைத்தான் கிட்டப் போய் எடுத்துக்கொண்டிருந்தார். “என்ன அழகான யோசனை” என்று யாரிடமோ சொன்னார். அந்தப் படங்களைக் காவல்துறை வாங்கிப் பார்க்க வேண்டும்.

கில், உணவக மேலாளர் டானா என்ற பெண்ணிடம் போய், மேஜையைக் காலி செய்யச் சொல்லித் தணிவாகத்தான் கேட்டார். அந்தப் பெண், “நடு சர்வீஸ்ல எப்படிங்க?” என்று சொல்லிவிட்டு லோரிமருக்குப் போன் செய்தார். பேசி முடித்ததும், “ரெண்டு மணின்னு சொல்றார். அதுவரைக்கும் பார்ல உக்காருங்க சார், ஏதாவது குடிக்கத் தரச் சொல்றேன்” என்றார். கில் பாரில் உட்கார்ந்து சோடா கேட்டார். வெறும் சோடா. நான் பக்கத்தில்தான் நின்றேன். கிளாஸை நீட்டிய பார் பையன் மூக்கைச் சுருக்கியதையும் பார்த்தேன். அன்றைக்கு அந்த ஆளிடம் சாராய வாடை அடித்தது என்று அவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அடித்தது. அது அரக்கு பாலிஷ்.

கில் அந்தச் சோடாவைத் தொடவில்லை. கண்ணை எடுக்காமல் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “நீளுது மின்னல். கீழ போய் மெயின நிறுத்து, வயர் அறுந்தா ஷாக் அடிக்கும்” என்று சொல்லிக் குனிந்து பூட்ஸைக் கழற்றினார். ஒரு ஆள் உணவகத்தில் பூட்ஸைக் கழற்றிவிட்டு சாக்ஸோடு மேஜை மேல் ஏறினால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்கும் தெரிகிறது. அந்த மேஜை அவர் செய்தது. ஆறு தடவை எண்ணெய் போட்டுத் தேய்த்தது. எங்கள் ஆட்கள் யாரும் பூட்ஸ் காலோடு அதன் மேல் ஏற மாட்டோம், வீடு பற்றி எரிந்தாலும் ஏற மாட்டோம்.

நான் ஒரு பரிமாறும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு நிலவறைக்கு இறங்கி மெயினை நிறுத்தினேன். மேலே விளக்கு அணைந்ததும் ஆட்கள் ஓ என்று கூச்சல் போட்டது கேட்டது. அதற்கு மேலே கில்லின் குரல் கேட்டது. “காஞ்சிருக்கு! மொத்தமும் காஞ்சிருக்கு! எந்திரிங்க!” என்று கத்தினார். மறுபடி மறுபடி அதையேதான் சொன்னார். முப்பத்தைந்து வருடமாக ஆபத்து என்பதற்கு அவர் வாயில் வந்த சொல் அதுதான், வேறு சொல் அந்த நேரத்தில் வரவில்லை. யாரோ ஓர் ஆள் சத்தமாக, “அண்ணனுக்குத் தொண்டை காஞ்சிருக்காம், ஒண்ணு ஊத்துங்கப்பா!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் படியில் ஓடி வந்துகொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

மேலே வந்து பார்த்தபோது கில் அந்த வெளிச்சக் கோடு ஓடிய பக்கமாக மேஜை மேல் நின்று தொட்டியைத் தோளாலும் இரண்டு கையாலும் முட்டுக் கொடுத்துப் பிடித்திருந்தார். முகம் சிவந்து, வாய் கோணி, வியர்வை கொட்டியது. அது காய்ச்சலில் எழுந்து வந்த மனிதரின் முகம், பாரம் தூக்கிய மனிதரின் முகம். பார் பையன், “போலீஸக் கூப்பிடறேன், எல்லாரும் தள்ளி வாங்க, இந்தாளு முழு போதைல இருக்கான்” என்று கத்தினார். அதைக் கேட்டபிறகுதான் ஆட்கள் எழுந்தார்கள். கைப்பையையும் கிளாஸையும் எடுத்துக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஒவ்வொருவராக விலகினார்கள். கடைசியாக மேஜையின் மறு கோடியில் ஒரு வயதான அம்மா நாற்காலியைத் தள்ள முடியாமல் இருந்தார். அவருடைய மகள் வந்து தூக்கிவிடும் வரை கில் பிடித்திருந்தார். குடிகாரனுக்குப் பயந்துதான் எழுந்தார்கள், எழுந்ததால்தான் பிழைத்தார்கள்.

நான், “கில், விட்டுட்டு குதி” என்று கத்தினேன். அவர் என்னைப் பார்த்தார். விட்டாரா, கை தளர்ந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. மறு கோடி முதலில் காடியை விட்டுக் கழன்று இறங்கியது, அது இழுத்த இழுப்பில் இந்தக் கோடி சுழன்று அவர் கழுத்தில் அடித்தது. குமிழ்கள் உடைந்தன. ஆம்புலன்ஸ் வரும் வரை நான் அவர் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆம்புலன்ஸ் ஆட்கள் உயிர் போய்விட்டது என்றார்கள். லோரிமர் ரெண்டு மணிக்குச் சரியாக வந்தார்.

வியாழக்கிழமை லோரிமர் பூங்கொத்தோடு லூர்தெஸின் வீட்டுக்குப் போய், “நாங்க யாரும் அவரைத் தப்பா நினைக்கல, இது ஒரு வியாதிதான்” என்று சொல்லியிருக்கிறார். இதை லூர்தெஸே என்னிடம் சொன்னார். அவர் ஆஸ்பத்திரி சமையலறையில் வேலை பார்க்கிறார். கில் காய்ச்சலில் படுத்திருந்த இரண்டு நாளும் அவருக்கு வேலை இருந்தது. தான் கூட இல்லாத அந்த இரண்டு நாளில்தான் அவர் மனம் போய்ப் போய் நிற்கிறது. கில் முன்பு இரண்டு முறை குடியை விட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தவர், அதையும் நான் மறைக்கவில்லை. சவ அடக்கத்துக்கு முன்தினம் லூர்தெஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஓடெட், எங்கிட்ட மறைக்காத. மறுபடி ஆரம்பிச்சுட்டாரா?” என்று கேட்டார். இல்லவே இல்லை என்று மாதா மேல் சத்தியம் செய்தேன். “நீ அவரோட சினேகிதி, நீ அப்படித்தான் சொல்லுவ” என்றார்.

கில்லின் சாவிக்கொத்தில் ஒரு வெண்கல நாணயம் இருக்கும். குடியை விட்டவர்கள் கூடும் குழுவில், வருடம் முடிந்தால் கொடுப்பது. ஒன்பது என்று அதில் பொறித்திருக்கும். போன அக்டோபரில் அதை வாங்கிவந்து பட்டறையில் எல்லோரிடமும் காட்டி, தொட்டுப் பார்க்க மட்டும் விட்டார். லூர்தெஸ் அதைச் சாவிக்கொத்திலிருந்து கழற்றி, அது இனி அவருக்கு உரியதல்ல என்று சொல்லிக் குழுவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். நேற்று, திங்கட்கிழமை, கில்லை அது இல்லாமல் புதைத்தோம். நான் நேற்று மாலை அந்தக் குழு கூடும் தேவாலயத்தின் கீழ்த்தளத்துக்குப் போய்ப் பார்த்தேன். காபி இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் கிடக்கிறது. என்னிடம் கொடுங்கள் என்று கேட்டேன். மனைவி வந்து கேட்டால்தான் தருவோம் என்றார்கள். அது நியாயம்தான்.

இரத்தப் பரிசோதனை முடிவு வர வாரக்கணக்கில் ஆகும் என்று அதிகாரி சொன்னார். வரட்டும், அதில் ஒன்றும் இருக்காது. அதுவரைக்கும் லூர்தெஸ் ஒவ்வொரு இரவும் அதை நினைத்துக்கொண்டு படுக்க வேண்டாம் என்பதற்காக, இந்த வாக்குமூலத்தில் முத்திரை போட்ட நகல் ஒன்று கேட்கிறேன். என் வாய் வார்த்தையை அவர் நம்பவில்லை, போலீஸ் காகிதத்தை ஒருவேளை நம்பலாம். அரக்கு பாலிஷ், பூட்ஸ், காஞ்சிருக்கு என்ற சொல், இந்த மூன்றையும் நான் அவருக்கு உட்கார்ந்து படித்துக் காட்டுவேன்.

கண்ணால் பார்த்ததைப் பார்த்தேன் என்றும், பிறர் சொல்லக் கேட்டதைக் கேட்டேன் என்றும் பிரித்தே சொல்லியிருக்கிறேன். யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவில்லை. இதில் பொய் இருந்தால் அதற்குரிய தண்டனை எனக்குத் தெரியும். முழுவதையும் எனக்குப் படித்துக் காட்டினார்கள். ‘இறந்தவர் காஞ்சிருக்கு என்று கூச்சலிட்டார்’ என்று ஓரிடத்தில் இருந்தது. கூச்சலிட்டார் என்பதை அடித்துவிட்டு எச்சரித்தார் என்று எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றேன். அதிகாரி அப்படியே திருத்தினார். திருத்திய இடத்தில் முதலில் அவரும் பிறகு நானும் கையெழுத்திட்டோம்.

(ஒப்பம்) ஓடெட் மெடெய்ரோஸ்
என் முன்னிலையில்: (ஒப்பம்) மர்லீன் டட்டன், துப்பறியும் அதிகாரி